குடிக்கிற தண்ணீர், நகர்கிற தண்ணீர்

"வைக்க மாட்டேன்னா வைக்க மாட்டேன்! வெட்டிப் போட்டாலும் என் கட்டை விரல் அந்தப் பேப்பர் பக்கம் போகாது!"

மேஜை மேல் விழுந்த அடியில் ரேடியோவின் டீ கிளாஸ் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. நல்லவேளை, காலி கிளாஸ்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வருகிற ஒற்றை அறைதான் அந்தத் துப்பறியும் ஆபீஸ். வாசல் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி, அதை நடத்துகிறவளுக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெயர் அண்ணி. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவன் ரேடியோ. அவளுடைய கணவனின் தம்பி. நாள் முழுக்க அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள், வக்கீல்கள், கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்கு ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும்.

மேஜையை அடித்தவள் ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. இரும்புக் குழாய் இணைப்புகள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷமாகத் தொழிலாளர்களுக்குக் குடிதண்ணீர் நிரப்பி வைப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் தண்ணியக்கா. திங்கட்கிழமை அந்தத் தண்ணீரைக் குடித்துப் பத்தொன்பது பேர் வாந்தி எடுத்தார்கள். பதினெட்டுப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். கிரைண்டிங் மெஷின்காரர் ஒருவர் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குத் தொழிலாளர் அதிகாரி வருகிறார். அவர் முன்னால் "தப்பு என்னுடையது" என்ற காகிதத்தில் அவள் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் வேலை மட்டும் போகும். வைக்காவிட்டால் போலீசில் புகார், ஜெயில் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கோபத்தை அப்படியே வச்சிருங்க, மூணு மணிக்கு வேணும்" என்றாள் அண்ணி. "இப்ப அந்தப் பேப்பரைக் காட்டுங்க."

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அண்ணி படித்துவிட்டு ரேடியோ பக்கம் தள்ளினாள். அவன் உதட்டை அசைத்துப் படித்தான்.

"அடேங்கப்பா! நல்ல இங்கிலீஷ்ல திட்டியிருக்கான் அண்ணி. யார்டுல ரெண்டு தொட்டி இருக்காம். ஒண்ணுல 'போட்டபிள் வாட்டர்'னு போர்டு. அப்படின்னா குடிக்கலாம். இன்னொண்ணுல 'போர்ட்டபிள் வாட்டர்'னு போர்டு. அப்படின்னா தள்ளிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அதுல இருக்கறது மெஷின் சாமான் கழுவற மருந்துத் தண்ணி. நம்ம அக்கா ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாம, மருந்துத் தண்ணியைக் குடிக்கறதுக்குப் பிடிச்சு வச்சுட்டாங்களாம்."

"எனக்கு எந்த வார்த்தையும் தெரியாது!" தண்ணியக்கா எழுந்தே விட்டாள். "நான் பள்ளிக்கூட வாசல்ல மழைக்குக் கூட ஒதுங்கினதில்ல. இங்கிலீஷும் தெரியாது, நம்ம எழுத்தும் தெரியாது."

"அப்புறம் எந்தத் தொட்டி எதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க?" அண்ணி கேட்டாள்.

தண்ணியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துப்பறிகிறவள் என்று சொன்னார்களே, இவளா என்கிற பார்வை.

"ஏம்மா, ஒண்ணு சுவரோட சேத்துக் கட்டின சிமெண்டுத் தொட்டி. இன்னொண்ணு நாலு சக்கரத்துல ஓடுது. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?"

ரேடியோ வாய்விட்டுச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இரண்டு நாளாகப் படுத்திருந்த பேனா அது. அவள் எழுத ஆரம்பித்தால் கேஸை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

"திங்கக்கிழமை என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் சொன்னாள். காலை ஏழு மணிக்குச் சிமெண்டுத் தொட்டியில் ஆறு கேன் பிடித்தாள். வழக்கம்போல முதல் டம்ளரை அவளே குடித்துப் பார்த்தாள். தான் குடிக்காத தண்ணீரை இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டாள். பதினோரு வருஷமாக அதற்காக அத்தனை பேரும் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். ஒன்பதரைக்கு மறுநடை பிடிக்கப் போனால் குழாய் இருமிவிட்டு நின்றுபோனது. தொட்டி காலி. குடிதண்ணீர் லாரி வரவே இல்லை. மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன், நீ போய் டீ குடு" என்றார். டீ கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் ஆறு கேனும் நிரம்பி அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. லாரி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு முதல் ஆள் வாந்தி எடுத்தார்.

"அந்த மறுநடைத் தண்ணியை நான் பிடிக்கல. பிடிச்சிருந்தா ஒரு வாய் குடிச்சிருப்பேன். குடிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், அத்தனை பேரும் தப்பிச்சிருப்பாங்க. அதை நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு எரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை நாலு நாளா நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். கேட்டாங்க. யாரும் எழுதல."

"நான் எழுதிட்டேன்" என்றாள் அண்ணி.

ரேடியோவுக்கு மூளையில் மின்சாரம் பாய்ந்துவிட்டது. நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது! எழுத்தே தெரியாதவங்க எழுத்தைப் பார்த்து ஏமாற முடியாது. ஏமாறணும்னா முதல்ல படிக்கத் தெரியணும். அங்க இங்கிலீஷ் படிச்சுட்டு மிதப்புல திரியறது யாரு? மேனேஜர்! அவசரத்துல அவர்தான் போர்டைத் தப்பாப் படிச்சுட்டாரு. கேன்ல பிடிக்கச் சொன்னதும் அவர்தான். இப்ப பழியைத் தூக்கி இவங்க தலையில கட்டறாரு. எப்படி?"

"பாதி நல்லா இருக்கு."

"எந்தப் பாதி?"

"போர்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அண்ணி குடையை எடுத்தாள்.

*

விசாரணைக்கு வருகிற தொழிலாளி தனக்குத் துணையாக ஆள் அழைத்து வரலாம் என்று தொழிற்சாலையின் சொந்த விதிப் புத்தகத்திலேயே இருந்தது. காவலாளி உள்ளே விட மறுத்தபோது அண்ணி அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தாள். அண்ணியும் ரேடியோவும் பார்வையாளர் அட்டை மாட்டிக்கொள்ள, மூவரும் பின்பக்கத்து யார்டுக்குப் போனார்கள்.

சிமெண்டுத் தொட்டிக்குச் சுகாதாரத் துறை சீல் வைத்திருந்தது. அதன் மேல், பழைய போட்டபிள் போர்டை மறைத்தபடி, கம்பியில் ஒரு தகரப் பலகை தொங்கியது. சிவப்பு எழுத்தில், "இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தொட்டி மூடப்பட்டுள்ளது."

"இதை எப்ப மாட்டினாங்க?" அண்ணி கேட்டாள்.

"திங்கக்கிழமை சாயந்திரம்" என்றாள் தண்ணியக்கா. "சீல் வைக்க வந்தவங்க போர்டு வைக்கணும்னு நின்னாங்க. நம்ம பெயிண்டர் அங்கேயே உக்காந்து எழுதிக் குடுத்தாரு. பெயிண்ட் காயறதுக்கு முன்னாடியே மாட்டினாங்க."

பத்தடி தள்ளிச் சக்கரத் தொட்டி நின்றது. தகராறுக்கெல்லாம் காரணமான போர்டு அதன் வயிற்றில் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. போர்ட்டபிள் வாட்டர். ஓரமெல்லாம் சிராய்ப்பு, மேலே மண் வேறு.

"பாவம், ரொம்ப வருஷம் உழைச்ச போர்டு" என்றான் ரேடியோ. "எங்க மாமனாரை விட வயசு இருக்கும்."

"தொட்டிக்கு என்ன வயசு?"

"அது பளபளன்னு இருக்கு. இப்பத்தான் கழுவி விட்டிருக்காங்க."

"தொட்டியைக் கழுவினவங்க போர்டை மட்டும் குளிப்பாட்ட மறந்துட்டாங்களா?" அண்ணி குனிந்து போர்டை விரலால் தொட்டாள். "மழை அடிச்சு ஒட்டின மண்ணுன்னா பின்னாடி தொட்டியிலயும் இருக்கணும். கீழ்ப்பக்கம் கூடுதலா இருக்கணும். இது வலது மூலையில மட்டும் அப்பியிருக்கு."

"யாரோ கையால தேய்ச்ச மாதிரி..."

"உன் கைக்குட்டையைக் குடு."

"புதுக் கைக்குட்டை அண்ணி! உங்க தங்கச்சிதான் வாங்கிக் குடுத்தா!" என்றபடியே கொடுத்தான். அவன் மனைவியைச் சொல்கிறான். கைக்குட்டை மண்ணாயிற்று. மூலையில் கடுகு சைஸில் வெள்ளை எண் ஒன்று தெரிந்தது. 2342.

அண்ணி நிமிர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சிமெண்டுத் தொட்டிக்கு நடந்தாள். குடிக்காதீர்கள் பலகையின் வலது மூலையைப் பார்த்தாள். ரேடியோவும் எட்டிப் பார்த்தான். அங்கேயும் கடுகு சைஸில் ஓர் எண். 2341.

"தண்ணியக்கா, இந்த நம்பரெல்லாம் என்ன?"

"அது பெயிண்டரோட பைத்தியக்காரத்தனம்மா. இந்தக் கம்பெனியில எந்தப் போர்டு எழுதினாலும் ஓரத்துல ஒரு நம்பர் போடாம விடமாட்டாரு. கக்கூஸ் கதவுல கூட இருக்கு."

ரேடியோ செல்போனை எடுத்து, வாயைத் திறக்காமல் இரண்டு நம்பரையும் படம் பிடித்தான். அவனுக்கு அது பெரிய விரதம்.

பெயிண்டரின் இடம் யார்டின் மூலையில், டப்பாக்களுக்கும் டர்பன்டைன் வாசனைக்கும் நடுவே இருந்தது. ஒல்லியான மனிதர். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் துடைக்கிற அக்கறையுடன் பிரஷ் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பரைப் பற்றி அண்ணி கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இருபத்தாறு வருஷங்க. முதல் போர்டுல இருந்து வரிசையா நம்பர். எது எப்ப எழுதினது, எப்ப மறுபடி அடிக்கணும், எல்லாம் நோட்டுல இருக்கு. யாரும் செய்யச் சொல்லலீங்க. நானா செய்யறேன்."

"ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பத்திரெண்டு எப்ப எழுதினீங்க?"

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. பிரஷ் கையிலேயே நின்றது. தண்ணியக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

"நோட்டுல இருக்குமே?"

"நோட்டைக் காணோம்." மேஜை இழுப்பறை மேல் இருந்த அவர் கை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்தது. "அம்மா, எனக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருக்கு. மக படிச்சுக்கிட்டு இருக்கா. என்னை விட்டுடுங்க."

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரிங்க. உங்களை நான் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

தண்ணியக்காவால் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்று திரும்பினாள். "பெயிண்டரண்ணே, பதினோரு வருஷம் உங்களுக்குத் தண்ணி குடுத்தேன். ஒரு நாள் கலங்கலா குடுத்திருக்கேனா?" என்று கேட்டாள். அவர் பிரஷ்ஷை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் ரேடியோ வெடித்தான். "ஏன் அண்ணி விட்டுட்டீங்க? இழுப்பறைக்குள்ளதான் இருக்கு நோட்டு! நான் ஒரு இழு இழுத்தா..."

"திருடின நோட்டு சாட்சி சொல்லாது தம்பி. சாட்சி சொல்ல வேண்டிய அவர் நாக்கும் இப்ப பயந்துகிட்டு இருக்கு. மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"வா."

*

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு முனையில் தொழிலாளர் அதிகாரி. நாலு மணிக்குள் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மறு முனையில் மேனேஜர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேஜை நடுவில் அந்தக் காகிதமும் மை ஒற்றும் டப்பாவும் தயாராக இருந்தன.

"சீக்கிரம் வைம்மா, சாருக்கு வேற வேலை இருக்கு" என்றார் மேனேஜர்.

"எனக்கு வேற வேலை இல்ல" என்றாள் தண்ணியக்கா. "நான் உக்காந்துக்கறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் அண்ணி, மேனேஜரைப் பார்த்து. "அந்த ரெண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்? எனக்கும் கொஞ்சம் குழப்பமாத்தான் இருக்கு."

ரேடியோ திகைத்தான். அண்ணிக்கா குழப்பம்? இங்கிலீஷ் குறுக்கெழுத்தையே அழித்து எழுத வேண்டாதபடி பேனாவால் நிரப்புகிறவள்.

மேனேஜருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்து விளக்கினார். போட்டபிள் என்றால் குடிக்கத் தகுந்தது. போர்ட்டபிள் என்றால் எடுத்துச் செல்லத் தகுந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஓர் எழுத்துத்தான் கூடுதல், படித்தவர்களே தடுமாறுவார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கிற இடம் என்பதால் இங்கிலீஷில்தான் போர்டு வைக்க முடியும். "இந்தம்மா மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல மேடம். படிப்பறிவில்லாத குறை. அவ்வளவுதான்."

"நீங்க தடுமாற மாட்டீங்க?"

"நானா?" சிரித்தார். "பத்தொன்பது வருஷமா இந்த இங்கிலீஷ்லதான் பொழைக்கிறேன்."

ரேடியோ அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். போச்சு. அவன் கட்டிய கோட்டையை மேனேஜர் ஒரே வாயில் ஊதிவிட்டார்.

"இன்னொண்ணும் கவனிக்கணும் சார்" என்று மேனேஜர் அதிகாரி பக்கம் திரும்பினார். "பத்தொன்பது பேருக்கு உடம்பு கெட்டுப் போச்சு. இந்தம்மாவுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. ஏன்? தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சு இவ குடிக்கல."

"நல்லவேளை, நீங்களே ஆரம்பிச்சீங்க" என்றாள் அண்ணி. "இவங்க பிடிக்கற தண்ணியில முதல் டம்ளரை இவங்களே குடிப்பாங்க. பதினோரு வருஷப் பழக்கம். கம்பெனியில யாரை வேணும்னாலும் கேளுங்க. காலையில ஏழு மணித் தண்ணியைக் குடிச்சாங்க, ஒண்ணும் ஆகல. மறுநடைத் தண்ணியை இவங்க பிடிச்சிருந்தா முதல்ல வாந்தி எடுத்திருக்க வேண்டியவங்க இவங்க. நல்லா இருக்காங்கன்னா, அந்தத் தண்ணியைப் பிடிச்சது வேற கை."

அதிகாரி முதல் முறையாகப் பேனாவை எடுத்தார்.

"பழக்கம் தானே? அன்னைக்கு மறந்திருப்பா" என்றார் மேனேஜர்.

"இருக்கலாம். அந்தச் சக்கரத் தொட்டியில போர்டு எவ்வளவு நாளா இருக்கு சார்?"

"தொட்டி வாங்கின நாள்ல இருந்து. நாலு வருஷம். பார்த்தாலே தெரியுமே, எவ்வளவு பழசுன்னு."

"நிச்சயமா?"

"எழுதிக்கோங்க."

"சார், எழுதிக்கோங்க" என்றாள் அண்ணி அதிகாரியிடம். பிறகு ரேடியோவுக்குக் கண் காட்டினாள். அவன் மண் படிந்த கைக்குட்டையை மேஜை மேல் விரித்துவிட்டு, தன் செல்போனில் எடுத்த இரண்டு படங்களை அதிகாரி முன்னால் வைத்தான். 2341. 2342.

"இந்தக் கம்பெனி போர்டு எல்லாத்துலயும் பெயிண்டர் வரிசை நம்பர் போடுவார். நாப்பத்தொண்ணு, தண்ணியைக் குடிக்காதீங்கன்னு வச்ச போர்டு. பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, திங்கக்கிழமை சாயந்திரம் எழுதினது. நாப்பத்திரெண்டு, இவங்க திங்கக்கிழமை காலையில தப்பாப் படிச்சாங்கன்னு சொல்ற போர்டு." அவள் நிறுத்தி, மேனேஜரை நேராகப் பார்த்தாள். "தம்பி பிறந்த அடுத்த நாள் அண்ணன் பிறக்க முடியுமா சார்?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு நொடியில் சமாளித்துக்கொண்டார்.

"பெயிண்டர் ஒரு கிறுக்கன். தோணின நம்பரை எழுதுவான். அது ஒரு அத்தாட்சியா? கூப்பிடுங்க அவனை! அவனே சொல்லட்டும், அந்த நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்லன்னு!"

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். கூப்பிட மாட்டேன் என்று அவள் ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. எமகாதகி!

பெயிண்டர் வந்தார். வாசலிலேயே நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"யோவ், சார்கிட்ட சொல்லு" என்றார் மேனேஜர். "நீ போடற நம்பரெல்லாம் சும்மா கிறுக்கல்தானே? முன்னே பின்னே வரும்தானே?"

பெயிண்டர் தண்ணியக்காவைப் பார்த்தார். தண்ணியக்கா அவரைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னே பின்னே வராது சார்" என்றார் பெயிண்டர்.

"என்னய்யா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நம்பர் முன்னே பின்னே வந்ததில்ல. கிறுக்கல்னு சொல்லாதீங்க." முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. அதில் அட்டை கிழிந்த நோட்டு. "நாப்பத்திரெண்டு, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணி. நீங்க பக்கத்துலயே நின்னு எழுத வச்சீங்க. நம்பர் போடாதேன்னீங்க. நீங்க போன் பேசத் திரும்பினீங்க, கை தானா போட்டுடுச்சு. புதுசாத் தெரியக் கூடாதுன்னு உப்புத்தாள் தேய்க்கச் சொன்னீங்க. நம்பரைப் பார்த்ததும் நீங்களே மண்ணை அள்ளி அப்பினீங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியில போர்டே கிடையாது."

அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

ரேடியோவுக்குத் தன் முட்டாள்தனம் இப்போது முழுசாக விளங்கியது. "அப்படின்னா... யாருமே போர்டைத் தப்பாப் படிக்கலையா அண்ணி?"

"படிக்க அங்க என்ன இருந்தது? அன்னைக்குக் குழப்பம்னு ஒண்ணு நடக்கவே இல்ல தம்பி. லாரி வரல. தண்ணி இல்லாம ஆளுங்களை வேலை வாங்க முடியாது, மெஷினை நிறுத்தணும். அன்னைக்கு லோடு போயாகணும். இவர் சக்கரத் தொட்டியை ஒரு தடவை அலசி, அதுல தண்ணி பிடிச்சு சிமெண்டுத் தொட்டியில ஊத்திட்டாரு. இல்லன்னா சிமெண்டுத் தொட்டிக்கு எதுக்கு சீல்? மருந்து போகல. மறுநாள் ஒரு காரணம் வேண்டியிருந்தது. எடுத்து வச்சாரு ரெண்டு வார்த்தையை." அண்ணி மேனேஜரைப் பார்த்தாள். "இவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாத் தெரியும். தெரிஞ்சதாலதான் அதை வச்சே போர்டு எழுத முடிஞ்சுது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க மேல எதைப் போட்டாலும் நம்புவாங்கன்னு ஒரு தைரியம்."

"சார்..." மேனேஜர் அதிகாரியிடம் திரும்பினார்.  "ஒரு நாள் லைன் நின்னா ஆர்டரே போயிடும். எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கு! ஒரு தடவை கழுவினா போதும்னு நினைச்சேன். யாருக்கும் கெடுதல் பண்ணணும்னு இல்ல சார்."

"நடந்ததை எழுதுங்க" என்றார் அதிகாரி. நாலு மணியை அவர் மறந்தே போயிருந்தார். "உங்க கையால. இங்கிலீஷ் வேண்டாம்."

மேனேஜர் எழுதினார். எழுதி முடித்ததும் தண்ணியக்கா பக்கம் குனிந்தார். "அக்கா, நடந்தது நடந்து போச்சு. நாளைக்கும் வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க. வெளியில இதைப் பெரிசு பண்ண வேண்டாம்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

"வேலைக்கு வருவேன். என் வேலை, நான் எதுக்கு விடணும்?" என்றாள் தண்ணியக்கா. "ஆனா நான் தப்பு பண்ணினேன்னு கேன்டீன் வாசல்ல ஒட்டினீங்க. நாலு நாளா என் கையால தண்ணி வாங்க யோசிக்கிறாங்க. அதனால இதை வெளியில நின்னு வாசிக்கறீங்க. எல்லார் முன்னாடியும். இப்பவே."

"அதெல்லாம் முறை இல்ல..."

"முறைதான்" என்றார் அதிகாரி.

ஷிஃப்ட் மாறுகிற நேரம். யார்டில் இருநூறு பேர் இருந்தார்கள். செய்தி எப்படிப் பரவியது என்று கேட்கத் தேவையில்லை. ரேடியோ ஐந்து நிமிஷம் முன்னதாகவே வெளியே போயிருந்தான். திங்கட்கிழமை வாந்தி எடுத்தவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். கிரைண்டிங் மெஷின்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். பெயிண்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் நின்றார். ரிட்டையர் ஆக இன்னும் எட்டு மாசம் இருந்தது. ஆனாலும் நின்றார்.

மேனேஜர் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வேகமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமை காலை குடிநீர் லாரி வராத காரணத்தினால், இயந்திர பாகங்கள் கழுவும் தொட்டியிலிருந்து நீர் எடுக்கப்பட்டு, குடிநீர்த் தொட்டியில் ஊற்றப்பட்டது. அதனால் பத்தொன்பது..."

"நில்லுங்க" என்றாள் தண்ணியக்கா.

அவர் நின்றார்.

"ஊற்றப்பட்டதுன்னா? அதுவா வந்து ஊத்திக்கிச்சா?" அவள் இரண்டடி முன்னால் வந்தாள். "என் மேல எழுதினப்ப மட்டும் இவதான் பிடிச்சு வச்சான்னு ஆளைக் காட்டி எழுதினீங்க இல்ல? இப்ப யாரு ஊத்தினது? அதைப் படிங்க."

"அது... இதுல இல்ல."

"பேப்பர்ல இல்லன்னா வாயால சொல்லுங்க. எனக்குப் பேப்பர் வேண்டாம்."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணியைப் பார்த்தார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருநூறு பேரில் ஒருத்தரும் நகரவில்லை. 

"நான்" என்றார் மேனேஜர்.

"சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் தண்ணியக்கா.

"நான்தான்! நான்தான் ஊத்தினேன்!"